பெரிய வெள்ளியில் அடித்த மணி

அத்தியாயம் 6

"நான் வெளியிலயே நிக்கிறேன் டீச்சரம்மா. சைக்கிளை எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றான் ஜலீல்.

"டயரே இல்லாத சைக்கிளை எவன் பாய் தூக்குவான்?"

"எம்மேல பொறாமை உள்ளவன் நெறையப் பேரு இருக்கான் லா."

நவமணி மாதா கோயில் கதவைத் தள்ளினாள். கதவு முனகிக்கொண்டே திறந்தது. உள்ளே இருந்து வந்த காற்றில் மெழுகுவர்த்தி வாசனை அடித்தது. இந்த ஜப்பான் காலத்தில் மெழுகுவர்த்தி என்ற ஒன்றைக் கெடா மாநிலம் கண்ணால் பார்த்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இது ஜலீலுக்கும் தெரியும். அதனால்தான் அவன் வாசற்படியிலேயே நின்று, பயம் வந்தால் ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஒருமுறை ஓதி முடித்துவிட்டு, அது போதாதோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் தொடங்கினான்.

செமிலிங் போகும் சாலையில், ரப்பர்த் தோட்டத்தின் மேட்டில் நின்றது அந்தப் பழைய பள்ளிக்கூடம். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுச் சாமியார், தோட்டத்துப் பெண்பிள்ளைகள் படிக்கட்டும் என்று கட்டியது. ஏழு கன்னியாஸ்திரிகள் வந்து நடத்தினார்கள். 1918இல் வந்த விஷக்காய்ச்சல் ஒரே மாதத்தில் ஆறு பேரைக் கொண்டுபோனது. ஆறு பேரையும் தன் கையால் மண்போட்டு மூடிய பெரிய மதர் ஏழாவதாகப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் வாத்தியார்களை வைத்துத் தட்டுத்தடுமாறி நடந்த பள்ளிக்கூடம், ரப்பர் விலை விழுந்த வருடத்தில் ஒரேயடியாக மூடிக்கொண்டது. அதை ஒட்டிய இந்தக் கோயில் மட்டும் மிச்சம். தோட்டத்து ஜனங்கள் கன்னியாஸ்திரிகளைக் கன்னிமாராக்கி, பின்புறத்து ஏழு கல்லறைகளையும் கும்பிட ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது.

நவமணி அந்தப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்த அநாதைப் பெண். மதர் இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது தோட்டத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். தொலைந்த கோழியிலிருந்து தொலைந்த மருமகன் வரை எதையும் தேடிக் கண்டுபிடிக்கிறவள் என்று பீடோங் வரை அவளுக்குப் பேர். கூடவே திரியும் ஜலீல் பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவன். அரிசி போனபின் கடையும் போய், மரவள்ளிக்கிழங்குப் பலகாரத்தைச் சைக்கிளில் வைத்து விற்கிறான். வாய் மட்டும் பழைய வியாபாரத்திலேயே இருக்கிறது.

"பாய், உள்ள வாங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லோரி வந்துடும். நமக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு."

அந்த லோரியை நினைத்ததும் ஜலீலின் ஓதல் நின்றது. அலோர் ஸ்டாரிலிருந்து வரும், ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாயின் லோரி அது. அதில் ஏறப்போவது அம்மாசி. ஞானஸ்நானத்தில் சவரிமுத்து என்று பேர் வைத்தும் ஊர் அம்மாசி என்றே கூப்பிடும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அறுபத்தெட்டு வயதுக் கோயில்பிள்ளை. தாயில்லாத கைக்குழந்தையாக நவமணியைச் சாக்கில் சுற்றி இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வந்தவர். கெம்பித்தாயிடம் போனவர் யாரும் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

குற்றம் இதுதான். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்த முதல் ஜப்பான் லோரி கிடைத்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் இந்த இரண்டு மாதத்தில் அது இன்னும் மூன்று தடவை தோட்டத்துக்கு வந்தது. மூன்று தடவையும் லோரி தோட்டத்துக்குள் நுழைவதற்குள் கோயில் மணி அடித்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் சிப்பாய்கள் நுழைந்தால் பெண்டுகளும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள், ஆம்பளை வாசமே இருக்காது. நேற்று மூன்றாவது தடவை. சிப்பாய்கள் நேராகக் கோயிலுக்கே ஓடினார்கள். மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றைக் கையில் பிடித்தபடி அம்மாசி நின்றார். கேட்டதற்கு, "நான்தான் அடிச்சேன்" என்றார்.

"அவரே ஒத்துக்கிட்டாரே டீச்சரம்மா. இதுல நாம என்னத்தைத் துப்பறியறது?" என்று கேட்டுக்கொண்டே ஜலீல் ஒரு காலை உள்ளே வைத்தான்.

நவமணி பீடத்துப் படியருகே குனிந்து ஒரு பொருளை எடுத்தாள். கைப்பிடி வைத்த பலகை. அதன்மேல் தளர்வாக மாட்டிய ஒரு மரச்சுத்தி. அவள் ஆட்டியதும் டக் டக் என்று வெறும் கோயில் முழுக்கச் சத்தம் எழுந்தது. ஜலீல் உள்ளே வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"நேத்து என்ன நாள் பாய்?"

"வெள்ளிக்கிழமை. ஜும்ஆ."

"எங்களுக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. ஆண்டவர் சிலுவையில செத்த நாள். பெரிய வியாழக்கிழமை பூசையில மணி அடிச்சா, அதுக்கப்புறம் சனிக்கிழமை காலை பாஸ்கா பூசை வரைக்கும் கோயில் மணி வாயைத் திறக்கக் கூடாது. அதுக்குப் பதிலா இந்தக் கட்டையைத்தான் தட்டணும். இதைப் பாருங்க. வருசம் பூரா அலமாரியில தூங்கற கட்டை. ஒரு துளி தூசி இருக்கா? புதுசா எண்ணெய்கூடப் போட்டிருக்கு."

ஜலீல் புரிந்துகொண்டான். சாமியார் பினாங்குக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பூசை இல்லை, அப்பம் இல்லை, கும்பிட வர ஆள் இல்லை. அப்படியும் கிழவர் வியாழன் சாயங்காலம் கட்டையைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒற்றை ஆளாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நாப்பது வருசமா இதைத் தட்டுன கை, கழுத்துல கத்தி வச்சாலும் பெரிய வெள்ளியில மணிக்கயித்தை இழுக்காது" என்றாள் நவமணி. "அடிச்சது கத்தோலிக்க ஆளே இல்ல."

"அப்ப நானா டீச்சரம்மா? சத்தியமா நான் இல்ல."

"தெரியும். நீங்க இன்னும் வாசல்லதான நிக்கிறீங்க."

அவன் ரோஷத்தோடு உள்ளே வந்தான். வந்த வேகத்தில் மூன்றாவது வாங்குப் பலகையில் உட்காரப் போனான்.

"அங்க வேணாம்" என்றாள் நவமணி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "அது மதர் உக்கார்ற இடம்."

உட்கார்ந்த இடம் என்று சொல்லவில்லை. உட்காருகிற இடம் என்றாள். ஜலீல் குனிந்து பார்த்தான். வாங்கின் அந்த இடத்தில் மட்டும், கோயில் முழுக்கப் படிந்திருந்த வௌவால் எச்சம் ஒரு பொட்டுகூட இல்லை. கிழவர் துடைத்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டு நின்றபடியே இருந்தான்.

நவமணி மணிக்கயிற்றின் நுனியைப் பிடித்து விரலால் சுரண்டினாள். அழுக்கு வெள்ளையாக ஏதோ சுருண்டு வந்தது.

"ரப்பர்ப் பால். காய்ஞ்சு ஒட்டியிருக்கு. அம்மாசி பெரியப்பா ஒருநாளும் பால்மரம் வெட்டுனதில்ல. இது பால்வெட்டுக்காரங்க கை."

"தோட்டத்துல முந்நூறு பேரு பால் வெட்டுறாங்க. அவுங்களைப் பூராவும் கையைக் காட்டச் சொல்லலாமா?"

"முதல்ல பின்னால வாங்க."

கோயிலுக்குப் பின்னால் லாலாங் புல்லுக்கு நடுவே ஏழு கல்லறைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு செம்பருத்திப்பூ, ஒரு துளி மஞ்சள். பூ நேற்றுப் பறித்தது, சுருங்கியிருந்தது. அதன் கீழே முன்பு வைத்த பூக்களின் சருகு.

"மணியைத் தொடறதுக்கு முன்னால உத்தரவு கேட்டிருக்காங்க" என்றாள் நவமணி. "கிறிஸ்தவங்களா இருந்தா கல்லறைக்கு மஞ்சள் வைக்க மாட்டாங்க. இந்தக் கை கன்னிமாரைக் கும்பிடற கை. சரி, லோரி சாலை வளைவுல திரும்பறது எந்த இடத்துலருந்து கண்ணுக்குத் தெரியும்?"

ஜலீல் சுற்றிப் பார்த்தான். மூன்று பக்கம் மரம் மறைத்தது. கல்லறைகளை ஒட்டி மேலேறும் ரப்பர் வரிசையின் உச்சியில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"உச்சி நெரை" என்றான். நெரை என்பது ஒரு ஆளுக்கு வெட்டக் கொடுக்கும் மர வரிசை. "அது... செல்லாயி நெரை."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"தினமும் பத்து மணிக்கு அங்கதான் ரெண்டு கிழங்குப் பலகாரம் கொடுப்பேன். ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு அவ புருசனுக்கு."

"முருகையாவை மொத லோரியிலயே சயாமுக்குக் கொண்டுபோயிட்டாங்களே பாய்."

"ஆமா" என்றான் ஜலீல். "அப்படியும் ரெண்டுதான் வாங்குவா."

*

செல்லாயி ஓடவுமில்லை, மறுக்கவுமில்லை. வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிவிட்டு, மரத்தில் கட்டியிருந்த பால் மங்குக் கிண்ணத்தைச் சரியாகத் திருப்பி வைத்தாள். முப்பது வயதிருக்கும். முகம் ஐம்பதைக் காட்டியது.

"நாந்தான் டீச்சர். மொத லோரி வந்தப்ப வளைவுல அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். கத்தணும்னு தோணல. எங் கண்ணு முன்னால எம்புருசனை ஏத்துனான். அடுத்த தடவை லோரியப் பாத்ததும் காலு தன்னால கோயிலுக்கு ஓடிருச்சு. கன்னிமாருகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் கயித்தத் தொட்டேன்."

"நேத்து என்ன நடந்துச்சு?"

"கெழவரு உள்ள மண்டி போட்டிருந்தாரு. நான் இழுத்ததும் அலறிக்கிட்டு ஓடியாந்தாரு. 'இன்னிக்கி அடிக்காத தாயி, ஆண்டவரு செத்த நாளு'ன்னு கெஞ்சுனாரு. எனக்கு என்ன டீச்சர் தெரியும்? எம்புருசன் செத்தானா இருக்கானான்னே எனக்குத் தெரியாது." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்பதான் கீழ லோரிச் சத்தம் கேட்டுச்சு. கெழவரு ஒரு நிமிசம் என் மூஞ்சியப் பாத்தாரு. என்னப் பின்வாசல் வழியாத் தள்ளிவிட்டாரு. மணி அப்பவும் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு."

நவமணி கண்ணை மூடிக்கொண்டாள். "அதை நிறுத்தறதுக்காகத்தான் கயித்தைப் பிடிச்சிருக்காரு."

ஜலீல் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தான். பெரிய வெள்ளியில் மணி பேசக் கூடாது என்று அதன் வாயைப் பொத்தப் போன கையை, அடித்த கை என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். தான் செய்யவே செய்யாத பாவத்தை, ஒரு கூலிக்காரப் பெண்ணுக்காக ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நான் போயி நாந்தான்னு சொல்லிடறேன் டீச்சர்."

"சொன்னா உங்க ரெண்டு பேரையும் ஏத்துவான். பொய் சொன்னதுக்கு ஒருத்தர், அடிச்சதுக்கு ஒருத்தர்" என்றாள் நவமணி. "சும்மா இரு, யோசிக்க விடு."

யோசித்தாள். ஜலீல் அந்த யோசனையைப் பலதடவை பார்த்திருக்கிறான். அது முடியும்போது கஷ்டம் யார் தலையிலாவது விழும். பெரும்பாலும் அவன் தலையில்.

"இன்னிக்கி லோரி வர்றப்ப தோட்டம் பூரா பெரட்டுக் களத்துல நிக்கணும்னு உத்தரவு, இல்லையா? கணக்கு எழுதற கிராணி பேர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பாரு. ஆம்பளை, பொம்பளை, நான், வேலை மேய்க்கற மண்டோர் எல்லாரும். பெரியப்பாவும் அங்கதான் கட்டுப்பட்டு நிப்பாரு. செக்ரோல் பேரேட்டுல இருக்கற அத்தனை பேரும் ஜப்பான் அதிகாரி கண்ணு முன்னால நிக்கும்போது, மேட்டுல மணி அடிச்சா?"

"அடிச்சது மனுஷன் இல்லன்னு ஆயிடும்" என்றான் ஜலீல் உற்சாகமாக. "போன வருசம் பள்ளிக்கூடத்துல தங்குன ரெண்டு சிப்பாய் காய்ச்சல்ல செத்ததுலருந்து அந்த அதிகாரிக்குக் கோயில் படியேறவே பயம். பிரமாதம் டீச்சரம்மா! ஆனா அத்தனை பேரும் களத்துல நின்னா, மணியை யாரு..."

இரண்டு பெண்களும் அவனையே பார்த்தார்கள்.

"வேணாம்" என்றான் ஜலீல்.

"செக்ரோல்ல பேர் இல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான் பாய்."

"டீச்சரம்மா, எனக்கு வீட்ல பொண்டாட்டி இருக்கா. கரீமா ரொம்ப நல்லவ."

"பேர் கூப்பிட்டு முடிச்சதும் களத்துல தொங்கற தண்டவாளத் துண்டைத் தட்டுவாங்க. அந்தச் சத்தம் கேட்டதும் மூணு அடி. மூணே மூணு. பின்வாசல் வழியா ஆத்துக்கு இறங்கி, களத்துக்கு வந்துடுங்க."

*

பதினொன்றரைக்குப் பெரட்டுக் களத்தில் அம்மாசியை ஆஞ்சிமரத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. நவமணி அந்தப் பக்கம் பார்க்காமல் கிராணி அய்யாவுவிடம் போனாள். பார்த்தால் அழுதுவிடுவாள் என்று ஜலீலுக்குத் தெரியும்.

"கிராணி ஐயா, இன்னிக்கி ஒரு ஆள் கொறைஞ்சாலும் உங்க தலையத்தான் கேப்பான். அதிகாரி வந்து நின்னப்புறம், அவன் காதுல விழறாப்புலயே பேர் கூப்பிட்டுடுங்க. நாளைக்கு உங்களை யாரும் குத்தம் சொல்ல முடியாது பாருங்க."

பேர் கூப்பிடுவது என்றால் அய்யாவுவுக்கு அலாதிப் பிரியம். தன் குரல் கோலா மூடா வரை கேட்கும் என்று அவர் நம்பினார். செக்ரோலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஜலீல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக மேடேறினான். சைக்கிளை ஏழு கல்லறைகளுக்குப் பின்னால் லாலாங்கில் படுக்கவைத்தான். "மன்னிச்சுக்குங்கம்மா, கொஞ்ச நேரத்துக்குத்தான்" என்று யாரிடமோ சொன்னான். யாரிடம் என்று யோசிக்க அவனுக்குத் துணிவில்லை.

கோயிலுக்குள் வெயில் கட்டங்கட்டமாக விழுந்திருந்தது. பட்டப்பகல். காகம்கூடக் கத்தியது. இருந்தும் மூன்றாவது வாங்கின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் மணிக்கயிற்றிடம் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

கயிறு தரையில் கிடந்தது. சுருள் சுருளாக, வெட்டிய நுனி மேலாக. சுற்றிலும் பூட்ஸ் தடம். லோரி வருவதற்கு முன் வேறு யாரும் மணியைத் தொட்டுவிடக் கூடாது என்று சிப்பாய்கள் வந்து அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே, முகப்புச் சுவரின் வளைவுக்குள், மணி எட்டாத உயரத்தில் தொங்கியது.

கீழே லோரி வந்து நின்றது. அய்யாவுவின் குரல் புறப்பட்டது. "அழகம்மா! பிச்சையம்மா! ராக்காயி!" முந்நூறு பேர் இருக்கிறார்கள், நேரம் இருக்கிறது. இல்லை, நேரம் இல்லை. ஜலீல் நாலாபக்கமும் ஓடினான். ஓடிப்போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆஞ்சிமரத்தில் அசைந்துகொண்டிருந்த அந்த உதடு நினைவுக்கு வந்து, அந்த நினைப்பு போனது.

பாட்டுக்காரர் நிற்கும் மரமாடத்துக்கு ஒரு ஏணி இருந்தது. பாதிப் படிகள் செல்லரித்தவை. பீடத்துக்குப் பின்னால், உயரத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற நீளக் கம்பு சாய்ந்து நின்றது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான். இரண்டு படி முறிந்தது. ஏறிய பின் கீழே பார்த்தது தப்பு. மேலிருந்து பார்க்கையில் மூன்றாவது வாங்கில் தூசியே இல்லாத அந்த இடம் ஒரு ஆள் அகலத்துக்கு இருந்தது.

"நான் கெட்டவன் இல்லம்மா" என்று அந்த வாங்கைப் பார்த்துச் சொன்னான். "கடையில யாருக்கும் கறி கொறைச்சு வச்சதில்ல."

கீழே தண்டவாளத் துண்டு கணீரென்று ஒலித்தது. பெரட்டு முடிந்தது.

ஜலீல் கம்பை நீட்டி முழு பலத்தோடும் மணியின் விளிம்பில் அடித்தான். ஒன்று. கை அதிர்ந்து தோள்வரை வலித்தது. இரண்டு. மூன்று. அவ்வளவுதான். கம்பை மாடத்திலேயே போட்டான், ஏணியில் பாதி இறங்கி மீதி விழுந்தான், பின்வாசல் வழியாக வெளியே பாய்ந்து, கல்லறைகளைத் தாண்டி, சைக்கிளை மறந்து, சரிவில் ஆற்றை நோக்கி ஓடினான். சிப்பாய்கள் முன்பக்கமாக மேடேறும் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஆற்றங்கரைக் கல்லில் கால் வைத்தபோது மணி மறுபடியும் அடித்தது.

ஜலீல் நின்றான். எண்ண வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து பழகிய மனசு தானாக எண்ணியது. கம்பால் தட்டிய தகரச் சத்தம் இல்லை இது. கயிறு கட்டி இழுத்த மணியின் முழுச் சத்தம். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு. ஆறு அடித்து ஓய்ந்தது. அப்புறம், மறந்துபோய் நினைவு வந்தது போல, ஏழாவது. அது மட்டும் ரொம்ப மெதுவாக விழுந்தது.

*

அவன் களத்து ஓரத்தில் வந்து நின்றபோது எல்லாரும் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து இரண்டு சிப்பாய்களும் இறங்கி ஓடிவந்தார்கள். ஒருவன் தலையில் தொப்பி இல்லை. அதிகாரியிடம் ஏதோ குழறினார்கள். அவர்களோடு போயிருந்த அய்யாவுவின் குரல் இப்போது பக்கத்தில் நின்ற நவமணிக்கே கேட்கவில்லை.

"என்ன சொல்றாங்க ஐயா?"

"கதவைத் திறந்தோம்... உள்ள யாரும் இல்ல. கயித்தை இவனுங்கதான் காலையில அறுத்தானுங்க. கயிறில்லாத மணி ஆடிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். நானே பாத்தேன். ஆடி, அடிச்சிக்கிட்டு இருந்துச்சு."

அதிகாரி செக்ரோலைப் பிடுங்கிப் பார்த்தான். ஒரு பெயருக்கு எதிரிலும் 'இல்லை' என்ற குறி இல்லை. வரிசையைப் பார்த்தான். ஒருமுறை மேட்டைப் பார்த்தான், மறுபடி பார்க்கவில்லை. ஆஞ்சிமரத்திடம் போய், பொய் சொன்னதற்காக அம்மாசியை ஓங்கி ஓர் அறை அறைந்தான். பிறகு அவரைக் கட்டிய கயிற்றை அறுக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு லோரியில் ஏறினான். வந்த லோரி ஓர் ஆளைக்கூட ஏற்றாமல் வளைவில் திரும்பி மறைந்தது.

வரிசை கலைந்ததும் நவமணி ஓடிப்போய்க் கிழவரைத் தாங்கிக்கொண்டாள். அத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த அழுகை எல்லாம் அப்போது வந்தது. செல்லாயி கிழவரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி தாயி" என்றார் அம்மாசி. "உசிருக்காக அடிச்ச மணி. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. நாந்தான் நேத்து கொஞ்சம் கோவிச்சுக்கிட்டேன்."

ஜலீல் மெல்லப் பக்கத்தில் வந்தான். நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மூணு அடி போதும்னு சொன்னேன். பத்து அடிச்சிட்டீங்களே பாய்! என்ன தைரியம்!"

"பத்து இல்லம்மா" என்றார் அம்மாசி. வீங்காத கண் மேட்டையே பார்த்தது. "மூணு அடிச்சு நின்னுச்சு. அது யாருன்னு எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் ஏழு. இது ஜப்பான்காரன் தோக்கியோ நேரத்துக்குத்தான் பன்னெண்டு மணி. நம்ம பழைய நேரத்துல பத்தரை. பாஸ்கா சனிக்கிழமை காலைப் பூசையில மணி திரும்பி வர்ற நேரம். அன்னிக்கி மட்டும் என்கிட்ட கயித்தைக் குடுக்க மாட்டாங்க மதர். தானே அடிப்பாங்க. மடத்துல இருக்கற சிஸ்டருங்க ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு."

நவமணியின் சிரிப்பு நின்றது. அவள் ஜலீலைத் திரும்பிப் பார்த்தாள். "கடைசி தனக்குன்னு..."

"தனக்குங்கறதால அதை மட்டும் மெதுவா விடுவாங்க" என்று முடித்தார் கிழவர்.

"பாய், இதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல" என்றான் ஜலீல். "ஏழாவது மெதுவாத்தான் விழுந்துச்சு டீச்சரம்மா. நான் அப்ப ஆத்தங்கரையில நின்னுக்கிட்டிருந்தேன்."

எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருக்கும் நவமணி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டாள். கிழவரை ஆளுக்கொரு பக்கம் தாங்கி லயத்தை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனபின்தான் அவளுக்கு நினைவு வந்தது.

"உங்க சைக்கிள் எங்க பாய்?"

"மேட்டுலதான். கல்லறைங்களுக்குப் பின்னால."

"அய்யோ, எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடப் போறான்."

"போவாது டீச்சரம்மா" என்றான் ஜலீல். இந்தத் தடவை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. "அங்க ஆள் இருக்கு."